ஆதார் நகலும் வடை மடித்த காகிதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு டீக்கடையில் இரண்டு மசால் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் ஒரு பெண்ணின் ஆதார் நகல். முகம் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. ஆனால் 12 எண்களும், பிறந்த தேதியும், கணவர் பெயரும், கதவு எண்ணோடு விலாசமும் பளிச்சென்று இருந்தன, அடியில் நீல மையில் கையெழுத்து வேறு. எங்கேயோ ஏதோ ஒரு வேலைக்காக அவர் கொடுத்தது, வேலை முடிந்ததும் கட்டாக எடைக்குப் போய், பழைய பேப்பர் கடை வழியாக வடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டீக்கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதை வீட்டில் சொன்னதிலிருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஹேக்கர் கதைகள் இதில் கிடையாது. ஒரு காரியத்துக்காகக் கொடுத்தது இன்னொரு காரியத்துக்குப் போய்விடுகிறது, நம் வீடுகளில் வரும் தொல்லையில் முக்கால்வாசி அதுதான்.

ஆதார் நம்பர் யாருக்காவது தெரிந்துவிட்டால் பேங்கில் இருக்கும் பணத்தை எடுத்துவிடுவார்களா?

நம்பரை மட்டும் வைத்து எடுக்க முடியாது. கூடவே உங்கள் போனுக்கு வரும் ஓடிபியோ, கைரேகையோ வேண்டும். பிரச்சினை அந்தக் கைரேகையில்தான் இருக்கிறது.

கிராமங்களில் சின்ன மெஷினோடு வந்து பணம் எடுத்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேங்க் பெயர், ஆதார் எண், கட்டைவிரல், இந்த மூன்றும் போதும். கார்டு, பின் நம்பர், ஓடிபி எதுவும் கேட்காது. பேங்குக்கு நடக்க முடியாத வயதானவர்களுக்கு இது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆதார் எண்ணும் கைரேகையும் ஒரே காகிதத்தில் அச்சாகி எங்காவது கிடந்தால்? கிரயப் பத்திரத்தில் அப்படித்தான் கிடக்கிறது. 2018-இல் தெலங்கானாவில் ஒருவர் பதிவுத்துறை இணையதளத்திலிருந்து பத்திரங்களை இறக்கி, அதிலிருந்த ரேகைகளை ரப்பரில் அச்செடுத்து, அதை வைத்து சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து மாட்டினார். அதற்குப் பிறகு பல மாநிலங்களில் இதே வித்தையை வைத்து பேங்க் கணக்கிலிருந்தே பணம் எடுத்திருக்கிறார்கள். நிலம் வாங்கியிருந்தாலோ விற்றிருந்தாலோ அடுத்த பதிலைக் கண்டிப்பாகப் படியுங்கள்.

பயோமெட்ரிக் லாக் என்றால் என்ன? போட்டால் ரேஷன் கிடைக்காது என்கிறார்களே?

ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ உங்கள் கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் பூட்டி வைக்கலாம். பூட்டிவிட்டால் யார் எந்த மெஷினில் விரலை வைத்தாலும், அது உங்கள் சொந்த விரலாகவே இருந்தாலும், செல்லாது. ஓடிபி மட்டும் வழக்கம்போல வேலை செய்யும். ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை.

ரேஷன் விஷயம் உண்மைதான். கடையில் விரல் வைக்கிறவரின் ஆதார் பூட்டியிருந்தால் மெஷின் ஏற்காது, நீங்கள் வரிசையில் நின்றுகொண்டு போனைத் தடவ வேண்டியிருக்கும், பின்னால் நிற்பவர்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தற்காலிகமாகத் திறக்க வழி இருக்கிறது. சில நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகவே பூட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் செய்த ஏற்பாடு இது: கார்டில் இருக்கும் பெயர்களில், பேங்கில் பெரிதாகப் பணம் இல்லாத ஒருவர் பூட்டாமல் இருக்கிறார், ரேஷனுக்கு அவர்தான் போவார். மற்ற எல்லோருக்கும் பூட்டு. பென்ஷன் வாங்குபவர்கள், வருடத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்கும்போது திறந்துவிட மறக்காதீர்கள்.

அதே தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் இருக்கும். ஒரு தடவை பாருங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஏதாவது பதிவாகியிருந்தால் விசாரிக்க வேண்டியதுதான்.

எங்கே போனாலும் ஆதார் நகல் கேட்கிறார்கள். தர மாட்டேன் என்று சொல்லலாமா?

சட்டப்படி பல இடங்களில் சொல்லலாம். 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57-ஆவது பிரிவை ரத்து செய்தது. சிம் கார்டுக்கும் பேங்க் கணக்குக்கும் கட்டாயமில்லை என்றும் சொன்னது. அரசு மானியம், பான் கார்டு இணைப்பு மாதிரி விஷயங்களுக்குத் தேவைதான், அதில் தப்பிக்க முடியாது. அடுத்த ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 'விருப்பப்பட்டால் கொடுக்கலாம்' என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அந்த விருப்பம் கவுன்ட்டரில் எப்படிக் கேட்கப்படுகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும்.

ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு, தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் பையனிடம் தீர்ப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்? அவனுக்குத் தேவை ஏதோ ஒரு அடையாள அட்டை. ஓட்டுநர் உரிமத்தை நீட்டுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வான். ஆதார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்தில் இறக்கும்போதே அதற்கொரு தேர்வு இருக்கும். முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும்.

2022 மே மாதம் இதில் ஒரு கூத்து நடந்தது. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 27-ஆம் தேதி, நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று எச்சரித்தது. 29-ஆம் தேதி, மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்களே தவிர, மறைத்த ஆதாரை எடுத்துவிடவில்லை, அது இன்றும் இருக்கிறது.

முழு நகலைக் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கையெழுத்தோடு நிறுத்தாமல், யாருக்கு, எதற்கு, என்று என்பதையும் படத்துக்கும் எண்ணுக்கும் குறுக்கே எழுதிவிடுங்கள். 'கேஸ் இணைப்புக்கு மட்டும்' என்று எழுதி ஒரு தேதி. திருடனைத் தடுக்கும் மந்திரம் இல்லை இது, அந்த நகலை வேறு வேலைக்குத் தூக்கிக்கொண்டு போவதைக் கொஞ்சம் கஷ்டமாக்கும், அவ்வளவுதான். அந்த வடைத் தாளில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

ஜெராக்ஸ் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்கிறேன். அதில் என்ன தப்பு?

தப்பு உங்களிடம் இல்லை, வேறு வழி இல்லாமல்தான் அனுப்புகிறோம். ஆனால் அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரை ஒரு தடவை எட்டிப் பாருங்கள், ஊரே அதற்குள் இருக்கும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அழித்தாலும் அங்கே இறங்கிய கோப்பு அப்படியேதான் கிடக்கும். பிரிண்ட் கைக்கு வந்ததும் 'அண்ணே, அதை டெலிட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்' என்று நின்று சொல்லுங்கள். எங்கள் தெருக் கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்த்தார், இப்போது நான் கேட்பதற்கு முன்பே அழித்துவிடுகிறார்.

இன்னொன்று. இணையத்தில் இறக்கும் ஆதாருக்கு பாஸ்வேர்டு இருக்கிறது, அதனால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த பாஸ்வேர்டு, ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். பேஸ்புக்கில் உங்களுக்கு பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும் அது தெரியும்.

துணிக்கடையில் பில் போடவே போன் நம்பர் கேட்கிறார்களே?

வேண்டாம் என்று சொல்லுங்கள். நம்பர் தராவிட்டால் பொருள் தர மாட்டேன் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 'நம்பர் இல்லாம போடுங்க' என்றால் பெரும்பாலும் பத்து பூஜ்யத்தைத் தட்டிவிட்டு பில்லைக் கொடுத்துவிடுவார்கள். கேட்கிற பெண்ணும் மாதச் சம்பளத்துக்கு நிற்பவர்தான், அவரிடம் கோபப்பட வேண்டாம். ஆடித் தள்ளுபடியில் கார் பரிசு என்று குலுக்கல் கூப்பன் நீட்டுவார்கள் பாருங்கள், அதில் பெயர், நம்பர், கல்யாண நாள் எல்லாம் நிரப்பிப் பெட்டியில் போடுகிறோமே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. ஒரு திருடன் வெள்ளைத் தாளை நீட்டி 'உங்களைப் பற்றி எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டால்கூட நாம் இவ்வளவு ஒழுங்காக எழுதிக் கொடுக்க மாட்டோம். முழுப் பெயர், பிறந்த தேதி, நிமிடக் கணக்கில் பிறந்த நேரம், ஊர், அப்பா அம்மா பெயரும் வேலையும், கூடப்பிறந்தவர்கள், படிப்பு, கம்பெனி, சம்பளம், சொந்த வீடா வாடகையா, எத்தனை பவுன், போட்டோ, கடைசியில் தொடர்புக்கு அப்பாவின் செல் நம்பர். இதைத் தரகர் ஒரு குரூப்பில் போடுவார், அங்கிருந்து பத்து குரூப். பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகளுக்கு நிச்சயம் முடிந்து இரண்டு வருடம் கழித்தும் 'ஜாதகம் பார்த்தோம், பொருத்தம் நல்லா இருக்கு' என்று போன் வந்தது. எடுத்தது மாப்பிள்ளை.

பொருத்தம் பார்க்க என்ன வேண்டும்? ராசி, நட்சத்திரம், பாதம், கட்டம். பெயர்கூட வேண்டாம். முதல் சுற்றில் அதோடு படிப்பு, வயது, மாவட்டம் மட்டும் கொடுங்கள். தொடர்புக்கு வீட்டில் உபரியாக இருக்கும் ஒரு சிம் நம்பர், பேங்கோடு இணைக்காததாகப் பார்த்து. பொருத்தம் சரி, மேலே பேசலாம் என்றான பிறகு பெயரும் போட்டோவும். சம்பளம், நகை, சொத்து விவரமெல்லாம் நேரில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம். பெரியவர்கள் 'இதுக்கெல்லாமா பயப்படுறது' என்பார்கள். ஒரு காலத்தில் ஜாதகம் மஞ்சள் தடவிய காகிதமாகக் கைக்குக் கை போனது, ஒத்து வராவிட்டால் திரும்பி வந்துவிடும். இப்போது போகும் ஜாதகம் திரும்பி வருவதில்லை.

பெண் பெரியவளானதற்கு ஃப்ளெக்ஸ் வைப்பதும் இதில் சேருமா?

சேரும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் படம், பெயர், அப்பா பெயர், தெரு, மண்டபம், தேதி எல்லாம் நாற்சந்தியில். அவளிடம் யாராவது கேட்டார்களா? அவள் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்களும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். சடங்கு செய்வதும் செய்யாததும் உங்கள் வீட்டு விஷயம். பேனர் வேண்டாம். இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

என் பான் கார்டை வைத்து வேறு யாராவது கடன் வாங்கியிருந்தால் எப்படித் தெரியும்?

கடன் அறிக்கையில் தெரியும். யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று திரட்டி வைக்க சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண் வைத்த மாதிரி. விளம்பரத்தில் மயங்கிப் பணம் கட்டும் திட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள், இலவச அறிக்கைக்கான இணைப்பு பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும்.

நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும்.

'உங்கள் அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன' என்று பேங்க் தளம் கேட்கிறது. என்ன போடுவது?

நம் ஊரில் கல்யாணமானால் மாறுவது இனிஷியல்தான், அப்படிப் பார்த்தால் பதில் ஒரே எழுத்து. எனவே சம்பந்தமே இல்லாத ஏதாவது போடுங்கள், 'கத்தரிக்காய் கொத்சு' என்றுகூட. எங்காவது எழுதி வைத்துக்கொண்டால் சரி. உண்மையான பதில் உங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்க முடியுமா?

முடியும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு, ஓடிபி கொடுத்தால் பட்டியல் வரும். ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் 'இது என்னுடையது அல்ல' என்று அங்கேயே குறித்துவிடலாம்.

பழைய சிம்மைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. துண்டிக்கப்பட்ட நம்பரை குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த நம்பர் உங்கள் பேங்கிலும் ஆதாரிலும் இன்னும் இருந்தால், உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் பாக்கெட்டில் அடிக்கும். முதலில் எல்லா இடத்திலும் நம்பரை மாற்றுங்கள், அப்புறம் சிம்மை விடுங்கள்.

ஆட்டோவுக்கு ஜிபே பண்ணினால் டிரைவருக்கு என் நம்பர் தெரியுமா?

உங்கள் யுபிஐ ஐடி போன் நம்பராகவே அமைந்திருந்தால் தெரிய வாய்ப்பிருக்கிறது. செயலியின் அமைப்புகளில் நம்பர் இல்லாத வேறு ஐடி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். பேங்கில் இருக்கும் உங்கள் பெயர் எப்படியும் தெரியும், அதை மறைக்க வழியில்லை. தனியாகப் போகும் பெண்கள் ராத்திரிச் சவாரிக்கு மட்டும் கையில் சில்லறை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பழைய வழிதான், ஆனால் ரூபாய் நோட்டில் யார் பெயரும் இருக்காது.

போனில் பேசியவர் என் ஆதார் எண், அப்பா பெயர், விலாசம் எல்லாம் சரியாகச் சொன்னார். அப்போது உண்மையான போலீஸ்தானே?

இல்லை. தயவுசெய்து இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். இவ்வளவு நேரம் சொன்னேனே, ஜெராக்ஸ் கடை, ஜாதகம், கூப்பன், வடைத் தாள், அங்கெல்லாம் துண்டு துண்டாகக் கிடப்பதை யாரோ பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில்கூட உங்கள் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் எல்லாம் இருக்கிறது, அது பொது ஆவணம். விவரம் தெரிந்திருப்பதால் ஒருவர் அதிகாரி ஆகிவிட மாட்டார்.

'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலை விட்டு நகரக் கூடாது, டிஜிட்டல் அரெஸ்ட்' என்பார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே இல்லை. போலீஸ் வாட்ஸ்அப்பில் கைது செய்வதில்லை, பணத்தை 'சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம்' என்று கணக்கு மாற்றச் சொல்வதும் இல்லை. போனை வையுங்கள். மரியாதைக் குறைவாக வைத்தாலும் பரவாயில்லை.

பணம் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

உடனே 1930-க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, போன் போடுங்கள். அழுவதும் திட்டுவதும் பிறகு. அந்த எண்ணில் புகார் போனால் பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அடுத்து பேங்குக்குத் தெரிவித்து, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்கள் தவறும் பேங்கின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடியாக இருந்து, பேங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால், நஷ்டம் உங்களுடையது இல்லை. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது உங்கள் தலையில்தான் விழும். புகாருக்குப் பிறகு போவது பேங்கின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதுதான் லாபம். 'வெளியே தெரிந்தால் அசிங்கம்' என்று இரண்டு நாள் மூடி மறைத்து மொத்தத்தையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?

இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012-இல் போட்ட வழக்கில்தான், 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்டபோதே அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. 2024-இல், 98 வயதில் காலமானார். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வருவது 2027-இல். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் இருக்கும் தகவலுக்கும், காகிதத்தில் வாங்கி டிஜிட்டலாக மாற்றியதற்கும் மட்டும்தான். வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருப்பதும் அதில் வராது. சித்தப்பா குடும்ப குரூப்பில் போடுவது வெளியே. கட்டாக எடைக்குப் போகும் நகலும் வெளியே.

சரி, வீட்டில் கிடக்கும் பழைய நகல்களை என்ன செய்வது?

எடைக்குப் போடும் கட்டிலிருந்து முதலில் பிரித்தெடுங்கள். ஆதார், பான் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், மருத்துவமனை ரிப்போர்ட், பார்சல் உறையில் ஒட்டிய விலாசம். இரண்டாகக் கிழித்தால் போதாது, ஒட்டிப் படித்துவிடலாம். நாங்கள் செய்வது: சின்னதாகக் கிழித்து, பழைய பெயின்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைப்பது. காலையில் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். லேமினேட் செய்தது ஊறாது, அதைக் கத்தரிக்கோலால் எண்ணுக்குக் குறுக்கே வெட்டிவிடுங்கள். கூழைச் செடிக்குப் போடலாமா என்று அம்மா கேட்டார், மை இருக்கிறது, வேண்டாம் என்றேன்.